இயற்கைத் தாய்க்கு ஒரு நொண்டி மைனா

பிள்ளைகளுக்கு ஜீவகாருண்யம் கற்றுக்கொடுப்பதற்காகத்தான் நல்லம்மா அந்த மைனாவின் காலை ஒடித்தாள்.

அவசரப்பட்டு அவளைத் திட்டிவிடாதீர்கள். அந்த வேலையை அவளே குறைவில்லாமல் செய்துகொண்டாள். பிள்ளைகள் தூங்கும் மத்தியானங்களில் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே, "பாவி, பாவி" என்று தாலாட்டு ராகத்திலேயே தன்னைத் திட்டிக்கொள்வாள். நாமும் கூடச் சேர்ந்து பாடவேண்டியதில்லை. முதலில் சங்கத்தின் கதையைக் கேளுங்கள்.

ஜெர்மன் சண்டை ஓய்ந்து, அரிசி விலை மட்டும் ஓயாமல் இருந்த காலம் அது. இலங்கையில் ஸ்பிரிங்வெளிக்கு மேலே, கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துத் துரைசாணி ஒருநாள் குதிரையில், கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்தவர், வாசலில் நின்ற ஒரு பெண்பிள்ளைக்கு பிஸ்கட் ஒன்றைக் கொடுத்தார். பிள்ளை வாங்கியது. முகர்ந்து பார்த்தது. தின்றது. தின்று முடித்து, இன்னொன்றுக்குக் கையை நீட்டியது. ஆனால் நன்றி என்று சொல்லவில்லை. குதிரை கூடத் தலையை ஆட்டியது, பிள்ளை ஆட்டவில்லை. துரைசாணி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை என்று பங்களாவில் சமைக்கிற அப்பு வந்து சொன்னான்.

அந்தப் பிள்ளைதான் லெட்சுமி. வயது ஐந்து இருக்கும். சங்கத்தின் ஸ்தாபகர் என்று நியாயமாக அவளைத்தான் சொல்லவேண்டும், சங்கத்தார் சொல்வதில்லை.

நன்றி என்ற சொல் அந்த லயங்களில் அதுவரை யார் வாயிலும் நடமாடியதில்லை என்பது உண்மைதான். ஒரு வாய் சோறு யாராவது கொடுத்தால் மிச்சம் வைக்காமல் தின்பதுதான் அங்கே மரியாதை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றியவளுக்கு, அவள் பிள்ளை பெறும்போது போய் வெந்நீர் வைப்பார்கள். அதை விட்டு வாயால் ஒரு சொல்லைச் சொல்லி அனுப்பிவிட்டால், "என்னடி, இதோட ஒறவு முடிஞ்சிச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

இதெல்லாம் துரைசாணிக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே பதுளையில் ஒரு மண்டபத்தில், மான் கொம்புகள் மாட்டிய சுவரின் கீழே கூட்டம் கூடி, 'ஊவா மாகாணத் தோட்டப் பாலர் நன்றியறிதல் மற்றும் ஜீவகாருண்ய விருத்திச் சங்கம்' பிறந்தது. தலைவி துரைசாணி. உபதலைவர், அந்தக் கொம்புகளை அவற்றின் சொந்தக்காரர்களிடமிருந்து பெற்றுத்தந்த கிழட்டுத் துரை. அவரை லயத்தில் மான் துரை என்பார்கள். செயலாளர், கல்லுமலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இராசையா.

மனிதர்களுக்கு நன்றி சொல்ல நேராகக் கற்பிக்கலாமா என்று முதலில் ஆலோசித்தார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. எதற்கு நன்றி என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும். ஆகையால் மழை, வெயில், தேயிலை, பறவை இவற்றின் வழியாகக் கற்பிப்பதே சிலாக்கியம் என்று தீர்மானமாயிற்று. சிறு வயதில் மழைக்கு நன்றி சொல்லிப் பழகிய பிள்ளை, வளர்ந்து அந்த மழையில் கொழுந்து எடுக்கும்போது முகம் சுளிக்காது என்று மான் துரை விளக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனபிறகு பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற தகரக் கூரை அறைக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். நல்லம்மா அதன் ஆயா. முன்பு அவளும் மலையில் பெயர்போன கைகாரிதான். ஒரு மழைநாளில் கூடையோடு தண்ணீர் ஓடும் கானில் விழுந்து வலது முழங்கால் சில்லு நகர்ந்துபோனது. அதற்குப்பிறகு ஏற்றம் ஏறினால் கால் மடிந்து உட்கார்ந்துவிடும். பிள்ளைக்காம்பரா மட்டும் இல்லையென்றால் அவளுக்கு மலைதான்; மலை ஏற முடியாதவளுக்குப் பத்துச்சீட்டுதான். பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போ என்று அர்த்தம். எங்கே போவது என்று அதில் எழுதியிருக்காது.

இராசையா கிளாக்கர் கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, குடை சகிதம் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, உள்ளே மூத்திர வாடை.

"நல்லம்மா, கவனமாகக் கேள். இன்று முதல் இது வெறும் பிள்ளைக்காம்பரா அன்று. இது ஒரு நற்குண நிலையம்."

"சரிங்க."

"நீ வெறும் ஆயா அன்று. நீ இயற்கைத் தாயின் பிரதிநிதி."

"நான் ஒண்ணும் தப்புப் பண்ணலீங்களே, ஐயா?"

"தப்பு அல்ல, பெண்ணே. பதவி! காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்து. சூரியனுக்கு நன்றி, மழைக்கு நன்றி, தேயிலைக்கு நன்றி என்று சொல்லச் செய். எந்த உயிரையும் வருத்தமாட்டோம் என்று சத்தியம் வாங்கு. ஒழுங்காகச் செய்தால் நீ இங்கேயே இருப்பாய். இல்லையென்றால்..." கிளாக்கர் குடை நுனியால் மலையைக் காட்டினார். அவருடைய பேச்சிலேயே நல்லம்மாவுக்கு முழுசாக விளங்கியது அந்தக் குடை நுனி மட்டும்தான்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் பெரியவர்கள் பெயர் கொடுத்து மலைக்குப் போனபிறகு, பிள்ளைக்காம்பரா வாசலில் சின்னப் பெரட்டு நடந்தது. பனிமூட்டத்தில் எதிர்லயமே தெரியவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டு பிள்ளைகள் கிழக்கைப் பார்த்து நின்றன.

"சூரியனுக்கு நன்றி சொல்லுங்க."

"அது வரலையே, ஆயா," என்றாள் லெட்சுமி.

"வராட்டியும் சொல்லணுமாம்."

"வந்தப்பறம் சொல்லுவமே?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கிளாக்கரின் குடை எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருக்கும் என்று நல்லம்மாவுக்குப் பயம். வாழ்க்கையில் முதல்முறையாக லெட்சுமியின் முதுகில் ஒன்று வைத்தாள். லெட்சுமி அழுதுகொண்டே நன்றி என்றாள். மற்றப் பிள்ளைகள் அடி விழும் முன்பே நன்றி என்றன. அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகள் மத்தியில் நன்றி என்பது அடி விழாமல் இருப்பதற்கான சொல்லாகிவிட்டது. யாராவது கையை ஓங்கினால் போதும், கும்பிட்டுக்கொண்டு "நன்றி, நன்றி" என்று ஓடும். கிளாக்கர் ஒருநாள் தூரத்தில் நின்று இதைக் கண்டு, பாடம் வேரூன்றிவிட்டது என்று தலைவிக்கு அறிவித்தார்.

அன்று மாலை லெட்சுமி வழக்கம்போல கரி பிடித்த சட்டியில் ஆயாவையே எண்ணெய் சூடாக்கச் சொல்லி, அவள் முழங்காலில் தன் சின்னக் கையால் தேய்த்துவிட்டாள். இது யாரும் கற்றுக்கொடுக்காத பழக்கம். சங்கத்தின் பாடத்திட்டத்தில் ஆயாவின் முழங்கால் இல்லை. நல்லம்மா காலை இழுத்துக்கொண்டாள். "வேணாம் புள்ள, நான் ஒன்னைய அடிச்சேன்ல."

"அடிச்சா காலு வலிக்காதா?" என்று கேட்டுவிட்டு, லெட்சுமி காலைத் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டாள்.

எந்த உயிரையும் வருத்தமாட்டோம் என்ற சத்தியமும் வேலையைக் காட்டத் தொடங்கியது. அடைமழைக் காலத்தில் பிள்ளைகளின் கால் விரலிடுக்கில் அட்டை ஏறியது. எடுத்துப் போடப் போன தாய்மாரைப் பிள்ளைகள் தடுத்தன.

"விடும்மா, அது பசியா இருக்கு. குடிச்சிட்டு எறங்கிரும்."

"என்னடி சொல்ற, மூதி! ரத்தம் ஒழுகுது!"

"ஆயா சத்தியம் வாங்கியிருக்கு."

தாய்மார் கூட்டமாக வந்து நல்லம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீயும் ஒரு பொம்பளையா? எம்புள்ள காலுல அட்டைக்குப் பந்தி போட்டு வச்சிருக்கியே!" விஷயம் சங்கத்துக்குப் போனது. பிள்ளைகள் தங்கள் இரத்தத்தையே ஈந்து ஜீவகாருண்யம் பயில்கின்றன என்று கேட்டுத் தலைவி கண்கலங்கினாராம். மான் துரை, இரத்தத்தை உறிஞ்சும்போது முரண்டுபிடிக்காத இந்தக் குணம் தோட்டத்துறைக்கே மிகவும் உகந்தது என்று பாராட்டினாராம்.

இதற்குள் லயத்தில் வேறொரு கேள்வி எழுந்திருந்தது. இயற்கைத் தாய், இயற்கைத் தாய் என்கிறார்களே, அது எந்த ஊர் அம்மன்?

முத்திருளன் கங்காணி இந்த விஷயத்தில் தேர்ந்தவர். மாரியம்மா தெரியும். தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கிற ரோதைமுனி தெரியும். செடி வெட்டுகிற கத்தி காலில் படாமல் காக்கிற கவ்வாத்துச்சாமி தெரியும். இந்தச் சாமி புதுசு. பிள்ளைக்காம்பராவுக்கு வந்து விசாரித்தார்.

"ஏ நல்லம்மா, ஒனக்குத்தானே கிளாக்கரய்யா சொன்னாரு? இது துரைசாணி கும்புடுற அம்மாவா?"

"அப்படித்தாங்க தெரியுது. மழை, வெயிலு எல்லாம் அதுதான் குடுக்குதாம். நன்றி சொல்லாட்டிக் கோவம் வருமாம்."

"அப்ப மாரியம்மாவுக்கு அக்கா மொறை," என்று கங்காணி முடிவு செய்தார். "வெறும் வாயால நன்றி சொன்னா இவ்வளவு பெரிய அம்மாவுக்குப் போதுமா? புள்ளைக காலுல அட்டை ஏறுறதே அதனாலதான். காவு கேக்குது."

காரண காரியம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் சவுக்கு மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, இயற்கையம்மா என்று பெயர் சூட்டி, சிவப்புச் சேவல் ஒன்றோடு லயமே கூடிவிட்டது. உடுக்கைச் சத்தம் கேட்டுக் கிளாக்கர் கோட்டைப் பொத்தான் போடாமலே ஓடிவந்தார்.

"நிறுத்துங்கள்! என்ன அக்கிரமம் இது! இயற்கைத் தாயின் பெயரால் உயிர்க்கொலையா?"

"நன்றி சொல்றமுங்க," என்றார் கங்காணி பணிவாக, கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"இயற்கைத் தாய் சேவல் கேட்கமாட்டாள்!"

"அப்ப கெடாயிங்களா?"

கிளாக்கர் தலையில் அடித்துக்கொண்டார். சங்கத்தின் சார்பில் சேவலைக் கைப்பற்றி, அதன் உயிருக்கு இனி எந்த ஆபத்தும் நேராதபடி பங்களாவுக்கு அனுப்பிவைத்தார். அன்று பதுளையிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். சேவல் உருளைக்கிழங்கோடு மேசைக்குப் போனது என்று அப்பு சொன்னான். இறகெல்லாம் பங்களாவுக்குப் பின்னால் சிவப்பாகக் கிடந்ததை நல்லம்மாவே பார்த்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் வந்துவிட்டாள். இப்படிப் பார்க்காததுபோல் வந்துவிடுவது அவளுக்கு அப்போதெல்லாம் சுலபமாகப் பழகிக்கொண்டிருந்தது.

சேவல் சமாசாரம் சங்கத்தை யோசிக்கவைத்தது. வெறும் நன்றியால் பயனில்லை. கருணையைக் கண்ணால் காட்டவேண்டும். ஆகவே சங்கத்தார் அடுத்த சனிக்கிழமை நேரில் வருவதென்றும், பிள்ளைகள் காயம்பட்ட ஒரு பறவைக்குக் கட்டுப்போட்டுப் பராமரிக்கும் காட்சியைப் பார்வையிடுவதென்றும் தீர்மானித்தார்கள். பதுளையிலிருந்து படம் பிடிப்பவரும் வருவார்.

"காயம்பட்ட பறவையா?" என்றாள் நல்லம்மா. "அதுக்கு எங்கங்க போறது?"

"இயற்கையிலே காயம்பட்ட பறவைகளுக்கா பஞ்சம்?" என்றார் கிளாக்கர். "நீ தேடவேண்டும்."

"கறுப்பன்னு லயத்து நாய் ஒண்ணு, பின்னங்காலு நொண்டிங்க. புள்ளைகளும் அதுக்குச் சோறு போடுதுங்க..."

"நாயா? சொறி பிடித்த நாயைத் தலைவி அம்மாள் தொடுவார்களா? பறவையாக இருக்கவேண்டும். சிறியதாக இருக்கவேண்டும். வெள்ளைத் துணியில் கட்டுப்போட்டால் பார்வையாக இருக்கவேண்டும். சாகக்கூடாது, சுகமாகவும் இருக்கக்கூடாது."

"அப்ப என் முழங்காலு..." என்று ஆரம்பித்து, நல்லம்மா தானே நிறுத்திக்கொண்டாள்.

கிளாக்கர் குடையை உயர்த்தினார். அது மலையைக் காட்டியது.

கங்காணியிடம் கேட்டாள். அவர் தாடையைத் தடவினார். "முழுசா வெட்டுனா அது சாமி, நல்லம்மா. பாதி வெட்டி உசிரோட வச்சிருக்கச் சொல்ற சாமிய நான் கேள்விப்பட்டதில்ல. இது பெரிய எடத்துச் சாமி. நமக்கு ஒத்துவராது."

துணி மூட்டையோடு பதுளையிலிருந்து லயத்துக்கு வரும் அஸீஸ் நானாவிடமும் கேட்டாள். ஊர் ஊராய்ப் போகிறவர், ஏதாவது கண்ணில் பட்டிருக்கும் என்று நம்பினாள்.

அஸீஸ் நானா மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா நல்லம்மா, கேக்கிறது வெளங்குதா ஒனக்கு? என் மூட்டையில ஓட்டை விழுந்த சீலை ஈக்கி. சாயம் போன சீலை ஈக்கி. கால் ஒடஞ்ச குருவிக்கு நான் எங்க போக? ஹாலிஎலைக் கடைத்தெருவுல நல்ல கிளி வேணுமெண்டா ஈக்கி."

"நல்ல கிளி வேணாமாம் நானா."

"நல்லது வேணாம், கெட்டுப்போனதுதான் வேணுமெண்டு கேக்கிற யாவாரத்த நான் இப்பத்தான் பாக்கேன்." கட்டுப்போட வெள்ளைத் துணியில் ஒரு கிழிசலை மட்டும் கொடுத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

மத்தியானக் கஞ்சி முடிந்ததும் பிள்ளைக்காம்பரா வாசலில் மைனாக்கள் இறங்கும். சிந்திய பருக்கைகளைப் பிள்ளைகள் கூட்டிவைத்து அவற்றுக்குப் போடும். இதுவும் சங்கம் பிறக்கும் முன்பிருந்தே நடப்பது. அவற்றில் ஒன்று ரொம்பச் சுதந்திரக்காரி. உள்ளேயே வரும். தொட்டில் கயிற்றில் உட்காரும். நல்லம்மாவின் கையிலிருந்தே பருக்கை கொத்தும். பிள்ளைகள் அதற்குச் சின்னாயி என்று பெயர் வைத்திருந்தன.

அன்று பிள்ளைகள் தூங்கின. நல்லம்மா உள்ளங்கையில் பருக்கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வேறு பறவை எதுவும் கைக்குக் கிட்டே வராது. வருவது இது ஒன்றுதான். நம்பி வருகிற ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்ற அந்த யோசனை தனக்கு எப்படி வந்தது என்று பிற்பாடு அவள் எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். கிளாக்கர் அதைச் சொல்லவில்லை. துரைசாணி சொல்லவில்லை. சங்கத்தார் எவரும் ஒரு பறவையின் காலை ஒடி என்று எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அதுதான் அவர்களுடைய சாமர்த்தியம்.

சின்னாயி வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. கையில் ஏறியது.

ஈர்க்குச்சி ஒடிகிற சத்தம்தான். பருக்கை கீழே சிந்தியது. மைனா கத்தியது கூட இல்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. நல்லம்மா அஸீஸ் நானா கொடுத்த வெள்ளைத் துணியைச் சுற்றினாள். "சாமீ, மன்னிச்சிரு, சாமீ," என்று முனகினாள். எந்தச் சாமியிடம் சொல்வதென்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது கதவோரத்தில் லெட்சுமி நின்றுகொண்டிருந்தாள். தூக்கக் கலக்கம் இல்லை. கண் அகலத் திறந்திருந்தது.

நல்லம்மா அவளைக் கூப்பிடக் கையை உயர்த்தினாள். லெட்சுமி கும்பிட்டாள்.

"நன்றி, ஆயா," என்று சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

சனிக்கிழமை மோட்டார் வண்டியில் சங்கம் வந்து இறங்கியது. பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து, மூக்கைத் துடைத்து, வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நடுவில் கொழுந்துக் கூடையில் பஞ்சு பரப்பி, அதில் சின்னாயி. வெள்ளைக் கட்டு நன்றாகத்தான் தெரிந்தது. படம் பிடிப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பறவையைக் கொஞ்சம் சோகமாக வைக்கச் சொன்னார். அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது.

துரைசாணி ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார். இராசையா கிளாக்கர் அதைத் தமிழில், "அம்மாள் சந்தோஷப்படுகிறார்கள்," என்று மொழிபெயர்த்தார்.

பிறகு மான் துரை எழுந்தார். அவருக்குத் தமிழ் தெரியும். நாற்பது வருஷமாகக் கூலிகளை ஏசியே கற்றுக்கொண்ட தமிழ். "பிள்ளைங்க நல்லாக் கேக்கணும்! நான் இந்த மலையில் நெறய மான் சுட்டான். சாகிற நேரம் ஒவ்வொரு மான் கண்ணும் நான் பார்த்தான். அதில் கோபம் இல்லை. நன்றி இருந்தது! மிருகத்துக்கு நன்றி தெரியும். நாய்க்கு நன்றி தெரியும். கூலி மட்டும் எப்போதும் அரிசி கேக்கிறான். ஏன்? சின்ன வயசில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்க இந்தப் பாடம் வைச்சா, இந்தப் பிள்ளை பெரிசான நேரம் பெரட்டுக்குப் பிந்தமாட்டான். மழைக்கு ஒதுங்கமாட்டான். அதுதான் உண்மையான அன்பு!" கிளாக்கர் கை தட்டினார். அவர் தட்டியதால் கங்காணி தட்டினார். கங்காணி தட்டியதால் லயம் தட்டியது. கையைக் கண்டதும் பிள்ளைகள், "நன்றி, நன்றி," என்று கும்பிட்டன. துரைசாணி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. துரைசாணி குனிந்து, வரிசையின் முதலில் நின்ற லெட்சுமியின் கன்னத்தைத் தொட்டு, தான் கற்ற தமிழில் கேட்டார்.

"பறவை பாவம். யார் அடிச்சான்?"

நல்லம்மா கூட்டத்தைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். கடைசியில் லெட்சுமியைப் பார்த்தாள். லெட்சுமியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லாதே, சங்கத்தின் மூன்றாவது பாடம், என்று தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. சொல்லிவிடட்டும் என்று ஒரு கணம் ஆசைகூடப் பட்டாள். சொல்லிவிட்டால் இந்தப் பாரம் இறங்கிவிடும்.

"தானா விழுந்திருச்சு," என்றாள் லெட்சுமி. "ஆயாதான் கட்டுப் போட்டுச்சு."

துரைசாணி நல்லம்மாவின் தோளில் ஒரு நீலப் பட்டு நாடாவைக் குத்திவிட்டார். படம் எடுத்தார்கள். அந்தப் படம் எங்காவது இன்னும் இருந்தால் பாருங்கள்; நாடா குத்திய பெண்பிள்ளை ஒருத்தி, கூண்டில் ஏற்றியவளைப்போல் நின்றுகொண்டிருப்பாள்.

சின்னாயி திங்கட்கிழமை செத்துப்போனது. பிள்ளைகளே சவுக்கு மரத்தடியில், இயற்கையம்மா கல்லுக்குப் பக்கத்தில் புதைத்தன. நல்லம்மாவைக் கூப்பிடவில்லை. லெட்சுமி மாலையில் எண்ணெய்ச் சட்டியோடு வந்தாள். தேய்த்தாள். ஆனால் பேசவில்லை. திட்டியிருந்தால் நல்லம்மா தாங்கியிருப்பாள். அந்தக் கை காலில் படும்போதெல்லாம் அவளுக்குப் பருக்கை சிந்திய சத்தம் கேட்டது. "வேணாம் புள்ள," என்றாள். லெட்சுமி விடவில்லை. ஆயா மேல் இருக்கிற கோபம் வேறு, ஆயாவின் முழங்கால் வேறு என்று அந்தப் பிள்ளை எங்கேயோ பிரித்து வைத்திருந்தது.

அடுத்த வாரம் இராசையா கிளாக்கர் வந்தார். முதல்முறையாகப் பிள்ளைக்காம்பராவுக்கு உள்ளேயே வந்தார். மூத்திர வாடையைக் கூடப் பொருட்படுத்தவில்லை. முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"நல்லம்மா, உன் அதிர்ஷ்டம்! தலைவி அம்மாள் படத்தைக் கொழும்புக்கே அனுப்பிவிட்டார்கள். இனி ஊவா மாகாணத்தில் சங்கத்தில் சேர்ந்த எல்லாத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலும் காயம்பட்ட பறவை ஒன்று இருக்கவேண்டும் என்று தீர்மானம்! எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தே கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்."

"அவ்வளவு பறவைக்கு எங்கங்க போறது?"

"இங்கிருந்துதான்! நீதான் கைதேர்ந்தவள். எங்கிருந்து, எப்படி என்று நான் கேட்கமாட்டேன். அது நிர்வாகத்துக்கு அவசியமில்லாத விஷயம். நீ எடுத்துக்கொடு, நாங்கள் மாட்டு வண்டியில் அனுப்பிவைக்கிறோம். உனக்குக் கம்பளி ஒன்றும் உண்டு. சாகும்வரை இந்தக் காம்பரா உனக்குத்தான்."

சாகும்வரை. நல்லம்மா இதைத்தானே கேட்டாள்? இனி அவள் மலை ஏறவேண்டியதில்லை. தினம் மத்தியானம் வாசற்படியில் உட்கார்ந்து கையில் பருக்கையை வைத்துக்கொண்டால் போதும்.

வெளியே கஞ்சி நேரம். பருக்கை சிந்தியிருந்தது. மைனாக்கள் இறங்கின.

அப்போதுதான் லெட்சுமியின் குரல் கேட்டது. "ச்சூ! போ! போயிரு! ஓடு!"

ஒரு மண்ணாங்கட்டி பறந்துபோய்ப் பறவைகளின் நடுவில் விழுந்து உடைந்தது. மற்றப் பிள்ளைகளும் கல்லையும் கட்டியையும் பொறுக்கிக்கொண்டன. தத்தித் தத்தி நடக்கிற குழந்தை ஒன்றுகூடக் கையிலிருந்த அகப்பையை வீசியது. மைனாக்கள் சிதறிப் பறந்தன. அவற்றில் சில பழக்கதோஷத்தில் திரும்பி வந்தன. பிள்ளைகள் விடவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு துரத்தின.

கிளாக்கர் வாசலுக்கு ஓடினார். அவர் முகத்தில் இருந்த பிரகாசம் அணைந்துவிட்டது. "பார், பார்! காட்டுமிராண்டிக் கூட்டம்! பறவைகளைக் கல்லால் அடிக்கிறதுகள்! இத்தனை மாதம் பாடம் சொல்லிக்கொடுத்ததற்கு இதுதான் பலனா? ரத்தத்திலேயே நன்றியில்லை, நல்லம்மா. மான் துரை சொன்னது சரி. யார் இதுகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது?"

பிள்ளைகள் அவரைப் பார்க்கவில்லை. அவை பார்த்தது கதவோரத்தில் நின்ற ஆயாவை. ஆயாவைப் பார்க்கும், பறவையைப் பார்க்கும், இன்னும் வேகமாக எறியும். ஆயா வெளியே வருவதற்குள் எல்லாம் போய்விடவேண்டும் என்ற அவசரம் அவற்றின் கையில் இருந்தது.

நல்லம்மாவுக்கு விளங்கிவிட்டது. கிளாக்கருக்கு விளங்கவில்லை, அவருக்கு விளங்கவைக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை மத்தியானத்தைச் சொல்லவேண்டும். சொன்னாலும் அவர், நிர்வாகத்துக்கு அவசியமில்லாத விஷயம் என்பார்.

"நான்தாங்க கத்துக்குடுத்தேன்," என்றாள்.

"என்ன?"

ஒரு மைனா மட்டும் போகாமல் வேலிக் கம்பத்தில் உட்கார்ந்திருந்தது. தலையைச் சாய்த்து நல்லம்மாவைப் பார்த்தது. கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. நல்லம்மா நொண்டிக்கொண்டே வாசற்படியில் இறங்கினாள். குனிந்து ஒரு கட்டியை எடுத்தாள். கொழுந்தெடுத்துக் காய்த்த கை, குறி தப்பாது. ஆனால் கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளியே எறிந்தாள். மைனா கீச்சென்று எழுந்து, லயத்துக் கூரைக்கு மேலே, தேயிலைக்கு மேலே, பார்வைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

கிளாக்கர் நல்லம்மாவின் தோளில் இருந்த நீல நாடாவைத் தன் கையாலேயே பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக் காலையில் பெரட்டுக்கு வா. கூடையோடு வா."

"வர்றேனுங்க."

"அந்தக் காலோடு எத்தனை நாள் ஏறுவாய் என்று பார்க்கிறேன்!"

"நானும் அதைத்தாங்க பாக்கணும்," என்றாள் நல்லம்மா.

குடை மேட்டில் ஏறி மறைந்தது. பிள்ளைகள் கையில் கட்டியோடு அப்படியே நின்றன. எறிவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் ஆயாவைப் பார்த்தன. லெட்சுமி மட்டும் மெல்ல நடந்து வந்தாள். ஆயாவின் முகத்தை அண்ணாந்து கொஞ்சநேரம் பார்த்தாள். அப்புறம் தன் கையிலிருந்த கட்டிகளில் பெரியதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஆயாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்தா, கூரை மேல இன்னொண்ணு ஒக்காந்திருக்கு பாரு, ஆயா," என்றாள். "நீ எறி. எனக்கு எட்டாது."